உள்ளங்கையில் ஒரு விண்கலம்

நுழையும்முன்

விண்வெளி ஆய்வு என்றதும் விண்ணை முட்டும் ஏவூர்திகளும் கோடிக்கணக்கில் செலவாகும் பணமும் நம் நினைவுக்கு வருகின்றன. பத்து சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி ஒன்று அந்த ஆய்வின் போக்கையே மாற்றியிருக்கிறது. அப்பெட்டி பிறந்தது ஒரு வகுப்பறைத் தேவையிலிருந்து. தம் மாணவர்கள் தொடங்கிய வேலையைத் தாமே முடித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பிய ஓர் ஆசிரியரின் பணிவாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர்

கட்டடப் பொறியியல் பயிலும் மாணவர் பாலத்தின் மாதிரியைச் செய்து பார்க்கலாம். இயந்திரப் பொறியியல் பயில்பவர் சிறிய இயந்திரம் ஒன்றைப் பிரித்து, பூட்டி, இயக்கிப் பார்க்கலாம். விண்வெளிப் பொறியியல் பயிலும் மாணவருக்கு அத்தகைய வாய்ப்பு நெடுங்காலம் கிட்டவில்லை. அவர் செயற்கைக்கோளைப் படத்தில் கண்டார், அதன் சமன்பாடுகளைத் தாளில் தீர்த்தார், பட்டம் பெற்றார். தாம் செய்த ஒரு பொருள் விண்ணில் இயங்குவதைக் காணாமலேயே அவரது கல்வி நிறைவுற்றது. இக்குறையைத் தம் பணிவாழ்வின் கேள்வியாக ஏற்றுக்கொண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் பாப் ட்விக்ஸ்.

மின்பொறியியல் பயின்ற ட்விக்ஸ், யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் உள்ள வெபர் ஸ்டேட் கல்லூரியில் பணியாற்றினார். பின்னாளில் பல்கலைக்கழகமாக உயர்ந்த அக்கல்லூரி, சிறிய செயற்கைக்கோள்களில் முன்னரே ஆர்வம் காட்டிய இடமாகும். மாணவர்களின் பங்கேற்போடு உருவான 'நூசாட்' என்னும் செயற்கைக்கோள் 1985ஆம் ஆண்டு சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு 'வெபர்சாட்' ஏரியான் ஏவூர்தியில் விண்ணுக்குச் சென்றது. மாணவர் கைகளால் செய்த கருவியும் விண்ணில் இயங்கும் என்பதற்கு அவை சான்றாயின.

1994ஆம் ஆண்டு ட்விக்ஸ் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கு விண்வெளி அமைப்புகளை உருவாக்கும் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். அதே ஆண்டில் மாணவர்கள் 'சஃபையர்' என்னும் செயற்கைக்கோளைக் கட்டத் தொடங்கினர். வடிவமைப்பு, மின்சுற்று, மென்பொருள், சோதனை என ஒவ்வொரு பணியும் மாணவர் பொறுப்பிலேயே நடந்தது. சஃபையர் விண்ணை அடைந்தது 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று. அதற்குள் ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

முதுகலைப் படிப்போ ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். முதல் திருகாணியைப் பூட்டிய மாணவர் பட்டம் பெற்று வேறோர் ஊரில் வேலைக்குச் சென்றிருப்பார். விண்ணிலிருந்து முதல் சமிக்ஞை வரும்போது தரைநிலையத்தில் இருப்பவர், அந்தத் திருகாணியைக் கண்டிராத வேறொரு மாணவர். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர் என்னும் நிலை இது. தாம் செய்த பிழை எது, அது எங்கே வெளிப்பட்டது என்பதை அறிய இயலாத கல்வி எப்படி முழுமை பெறும்? ட்விக்ஸின் மனத்தை அரித்த கேள்வி இதுவே.

இடங்கேட்டு நிற்கும் பயணி

இத்தகைய காலத்தாழ்வுக்குக் காரணங்கள் இரண்டு. செயற்கைக்கோள் பெரிதாக இருந்தால் அதனுள் சேர்க்கப்படும் கருவிகளும் பெருகும். "இதையும் சேர்க்கலாமே" என்னும் ஆசை ஒவ்வொரு கூட்டத்திலும் தலைதூக்கும். கருவிகள் பெருகினால் சோதனைகளும் பெருகும், ஆண்டுகளும் நீளும். இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் ஏவூர்தி. பெரிய செயற்கைக்கோளை அனுப்புவோரே ஏவூர்திக்கான செலவை ஏற்கின்றனர். மாணவர்களின் படைப்பு அதில் எஞ்சியிருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு செல்ல வேண்டும். நெரிசல் மிகுந்த பேருந்தில் இடம் கேட்டு நிற்கும் பயணியைப் போன்றது அதன் நிலை. மேலும், ஒவ்வொரு மாணவர் குழுவும் ஒவ்வொரு வடிவில் செயற்கைக்கோளைச் செய்தது. எனவே, அதனை ஏவூர்தியில் பொருத்துவதற்கான அமைப்பையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய நேர்ந்தது.

அளவைக் குறைத்தால் ஆசையும் குறையும். காலமும் குறையும் என்று ட்விக்ஸ் கருதினார். அவ்வழியில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் உருவாக்கிய அடுத்த செயற்கைக்கோள் 'ஓப்பல்'. அறுகோண வடிவம் கொண்ட அந்தத் தாய்க்கலம், தன்னுள் ஆறு மிகச் சிறிய செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்று விண்ணில் விடுவிப்பதற்காகக் கட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஏவப்பட்ட ஓப்பல், அப்பணியைச் செய்து முடித்தது.

இதற்கிடையே 1998ஆம் ஆண்டு ஹவாய்த் தீவில் அமெரிக்க, ஜப்பானியப் பல்கலைக்கழகத்தினர் கூடிய கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. குளிர்பான உருளை ஒன்றின் அளவுக்குள் ஒரு செயற்கைக்கோளைச் செய்து பார்த்தால் என்ன என்று ட்விக்ஸ் அங்கே கேட்டார். அக்கேள்வியிலிருந்து 'கேன்சாட்' பிறந்தது. மறு ஆண்டே அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைநிலத்தில் இரு நாட்டு மாணவர்களும் கூடினர். பொழுதுபோக்காக ஏவூர்தி செய்யும் ஆர்வலர்கள் தங்கள் சிறிய ஏவூர்திகளில் அந்த உருளைகளை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பினர். வான்குடையில் மிதந்து இறங்கும் சில மணித்துளிகளில் உருளைக்குள் இருந்த கருவிகள் தரவுகளை அனுப்பின. அவை விண்வெளியைத் தொடவில்லை. ஆயினும், சில மாதங்களில் வடிவமைத்துச் செய்து, அனுப்பி, கிடைத்ததை ஆராயும் முழுச் சுற்றையும் மாணவர்கள் முதன்முறையாகக் கடந்தனர்.

பொம்மைப் பெட்டி

ஓப்பல் சுமந்து செல்லவிருந்த குட்டிச் செயற்கைக்கோள்களில் ஒரு குறை இருந்தது. அவை தட்டையானவை. சூரிய மின்கலங்களைப் பதிக்கப் போதிய பரப்பு அவற்றில் இல்லை. உள்ளிருக்கும் மின்கலம் தீர்ந்தால் அவற்றின் வாழ்வும் முடிந்துவிடும். மாணவர் சுமக்கக்கூடிய அளவில் சிறியதாகவும், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே பெறக்கூடிய அளவில் பெரியதாகவும் ஒரு வடிவம் தேவைப்பட்டது.

அந்த வடிவத்தை ட்விக்ஸ் ஒரு கடையில் கண்டார். அக்காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களும் பெரியவர்களும் 'பீனி பேபி' என்னும் சிறிய துணிப் பொம்மைகளை விரும்பிச் சேகரித்தனர். அப்பொம்மையைத் தூசு படாமல் வைத்துப் பார்ப்பதற்கான ஒளிபுகும் நெகிழிப் பெட்டி கடைகளில் விற்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு அங்குலக் கனசதுரம் அது. அதன் முகங்களில் எத்தனை சூரிய மின்கலங்களைப் பதிக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். தேவையான மின்னழுத்தம் கிடைக்கும் என்று தெரிந்தது. பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், எடை ஒரு கிலோகிராம் என்னும் அளவு அவ்வாறு உருவாயிற்று. அதுவே 'கியூப்சாட்' ஆகும்.

இந்த எல்லை எத்துணைக் கடுமையானது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். புவிக்கு அருகே ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,360 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. கியூப்சாட்டின் ஒரு முகத்தின் பரப்பு, சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்குதான். எனவே, சூரியனை நேராக நோக்கும் முகத்தில் 13 வாட் அளவே விழும். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாக மாறினால் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று வாட். வீட்டில் இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கிற்கு வேண்டிய மின்சாரம் அது. கணினி, வானலைக் கருவி, உணரி ஆகிய அனைத்தும் அதனைக் கொண்டே வாழ வேண்டும். ஏறத்தாழ நூறு நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றும்போது அதில் ஒரு பகுதியைப் புவியின் நிழலிலும் கழிக்க வேண்டும்.

எதைச் சேர்ப்பது என்னும் கேள்வி, எதை விடுவது என்னும் கேள்வியாக மாறியது. இன்றியமையாதது எது என்று மாணவரே தேர்ந்து தெளிய வேண்டியிருந்தது. ஆசிரியர் நூறு மணி நேரம் விளக்கினாலும் விளங்காத பாடத்தைப் பத்து சென்டிமீட்டர் பெட்டி கற்பித்தது.

நண்பர் செய்த கூடு

பெட்டி பிறந்துவிட்டது. அதனை ஏவூர்தியில் ஏற்றுவது யார்? பல கோடி மதிப்புள்ள பெரிய செயற்கைக்கோளுக்கு அருகில் மாணவர் செய்த பெட்டியை வைக்க யாரும் துணியமாட்டார்கள். அது இடைவழியில் உடைந்து சிதறினாலோ, வேளையற்ற வேளையில் அதன் வானலைக் கருவி இயங்கினாலோ பெரிய கலத்திற்குக் கேடு நேரும் என்னும் அச்சம் நியாயமானதே.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் உள்ள கலிபோர்னியா பாலிடெக்னிக் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் ஜோர்டி புயிக் சுவாரி. அவரும் அவருடைய மாணவர்களும் 'பி-பாட்' என்னும் கூட்டை உருவாக்கினர். அது நீண்ட அலுமினியப் பெட்டி. அதனுள் மூன்று கியூப்சாட்டுகள் வரிசையாக அடங்கும். பின்புறம் ஒரு சுருள்வில் அழுந்தியிருக்கும். முன்புறம் ஒரு கதவு மூடியிருக்கும். சுற்றுப்பாதையை அடைந்ததும் ஏவூர்தியிலிருந்து ஆணை வரும், கதவு திறக்கும், சுருள்வில் தள்ள, கனசதுரங்கள் தம் விளிம்புகளால் தண்டவாளம் போன்ற பாதையில் வழுக்கி வெளியேறும்.

இக்கூட்டின் சிறப்பு, அது கியூப்சாட்டைக் காப்பதைவிடப் பெரிய செயற்கைக்கோளைக் காக்கிறது என்பதே. உள்ளே இருப்பது உடைந்தாலும் துகள்கள் வெளியே செல்லா. ஏவூர்திக்கு உரியவர் கூட்டை மட்டும் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால் போதும். உள்ளே டென்மார்க் மாணவரின் படைப்பு இருக்கிறதா, ஜப்பானிய மாணவரின் படைப்பு இருக்கிறதா என்பது அவருக்குப் பொருட்டன்று. ஒரே அளவு என்னும் விதி உலகின் எந்த மாணவரையும் எந்த ஏவூர்தியோடும் இணைத்தது.

ட்விக்ஸும் புயிக் சுவாரியும் 1999ஆம் ஆண்டு வகுத்த இவ்வளவைகள் யாவரும் எடுத்துப் பயன்படுத்தும்வண்ணம் பொதுவில் வைக்கப்பட்டன. இது பொம்மை என்றும், இதனால் பயனுள்ள ஆய்வு எதுவும் நடவாது என்றும் துறையில் பலர் கூறினர். பயனுள்ள ஆய்வைப் பற்றி அவ்விருவரும் அப்போது பெரிதாக உரிமை பாராட்டவும் இல்லை. மாணவர்கள் கற்க வேண்டும் என்பதே அவர்களின் நோக்கமாக இருந்தது.

ஆறு குழந்தைகள்

2003ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், இரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து ராக்கெட் ஒன்று புறப்பட்டது. அதில் முதல் கியூப்சாட்டுகள் ஆறு இருந்தன. ஜப்பானின் டோக்கியோ பல்கலைக்கழகமும் டோக்கியோ தொழில்நுட்பக் கழகமும் ஆளுக்கொன்று அனுப்பின. டென்மார்க்கிலிருந்து இரண்டு, கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒன்று. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பங்கேற்ற 'குவேக்சாட்', மூன்று கனசதுரங்களை அடுக்கிய நீளம் கொண்டது. நிலநடுக்கத்தோடு தொடர்புடைய காந்தச் சமிக்ஞைகள் உண்டா எனத் தேடச் சென்றது.

தலைக்குமேல் கடந்து செல்லும் செயற்கைக்கோளோடு பேசக் கிடைப்பது ஒவ்வொரு முறையும் பத்து மணித்துளி அளவே. அந்த மணித்துளிகளுக்காக நான்கு நாட்டு மாணவர்கள் காத்திருந்தனர். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கியூப்சாட் பேசியது. கடையில் கிடைக்கும் மின்னணு உறுப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட அது, புவியைப் படமெடுத்து அனுப்பியது. எதிர்பார்ப்புகளை எல்லாம் கடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கியது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கு மெல்லிய குரல் ஒன்று கேட்டது. மின்கலம் நலிந்ததால் சில மாதங்களில் அதுவும் அடங்கியது. கனடாவின் கியூப்சாட்டும் டென்மார்க்கின் மற்றொன்றும் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஊமையாகிப்போன கலத்தைச் செய்த மாணவரின் மனநிலையை எண்ணிப் பார்க்கலாம். அதனைத் திறந்து பார்க்க வழியில்லை. அது மணிக்கு 26,000 கிலோமீட்டருக்கும் மிகுதியான வேகத்தில் தலைக்குமேல் கடந்துகொண்டே இருக்கிறது. எந்த இணைப்பு விட்டது, எந்த வரி மென்பொருள் பிழைத்தது என்று அவர் தம் குறிப்பேட்டையே புரட்ட வேண்டும். ஆனால், குறிப்பேடு அவருடையது; பிழையும் அவருடையது. சஃபையரின் முதல் மாணவருக்குக் கிடைக்காதது இதுவே.

வீழ்ச்சியும் மீட்சியும்

2006ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அதைவிடப் பெரிய சோதனை வந்தது. கசகஸ்தானின் பைக்கனூரிலிருந்து எழுந்த தினேப்பர் ஏவூர்தி சிறிது நேரத்திலேயே செயலிழந்து வீழ்ந்தது. அதிலிருந்த கியூப்சாட்டுகள் பதினான்கு. பல பல்கலைக்கழக மாணவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு சில நொடிகளில் அழிந்தது. புயிக் சுவாரியின் மாணவர்கள் செய்த முதல் இரண்டு கலங்களும் அவற்றுள் அடங்கும். பிழை அவர்களுடையது அன்று. இழப்பு மட்டும் அவர்களுடையது.

பெரிய செயற்கைக்கோள் ஒன்றை இழந்த பல்கலைக்கழகம் மீண்டெழப் பல்லாண்டுகள் தேவைப்படும். சிறியதை இழந்தவர்கள் மறுநாளே மேசைக்குத் திரும்பினர். கலிபோர்னியா மாணவர்களின் அடுத்த இரு கலங்கள் 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் விண்ணை அடைந்தன. சிறுமையின் வலிமை அப்போது புலப்பட்டது.

இம்மீட்சியில் இந்திய மண்ணுக்கும் பங்குண்டு. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி9 ஏவூர்தி, பத்துச் செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அவற்றுள் ஒன்று ஆல்போர்க் மாணவர்களின் இரண்டாம் கலம். மற்றொன்று, 2003இல் ஒரு சொல்லும் கேளாமல் போன டொராண்டோவின் அடுத்த படைப்பு. இன்னொன்று, 2006இல் தினேப்பருடன் அழிந்த ஜப்பானிய நிகோன் பல்கலைக்கழகக் கலத்தின் இணை. தோற்ற மூன்று வகுப்பறைகளின் அடுத்த முயற்சிகள் ஒரே ஏவூர்தியில் ஒன்றாகச் சென்றன. முன்னவர் செய்த பிழைகளைப் படித்துவிட்டுச் செய்த கலங்கள் அவை. இம்முறை அவை பேசின.

2016ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் சென்னை சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்களின் ஒன்றரைக் கிலோ எடையுள்ள செயற்கைக்கோள் பி.எஸ்.எல்.வி. சி34 ஏவூர்தியில் சென்றது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்று உலகை வியக்க வைத்தது. அவற்றுள் 88, புவியைப் படமெடுக்கும் ஒரே வகையின. மூன்று கனசதுரங்களை அடுக்கிய கியூப்சாட் வடிவின. பொம்மைப் பெட்டியின் அளவு இல்லையேல் அத்தனை கலங்கள் ஓர் ஏவூர்திக்குள் அடங்கியிரா.

2018ஆம் ஆண்டு கியூப்சாட் செவ்வாயையும் எட்டியது. 'மார்கோ' எனப் பெயரிட்ட இரட்டைக் கலங்கள் அமெரிக்காவின் இன்சைட் விண்கலத்தோடு பயணம் செய்தன. நவம்பர் 26ஆம் நாள் இன்சைட் செவ்வாயில் இறங்கிய தருணத்தில் அதன் செய்திகளை உடனுக்குடன் புவிக்கு அனுப்பியவை அவையே. இதனால் பயனுள்ள ஆய்வு எதுவும் நடவாது என்ற கூற்றுக்குச் செவ்வாயிலிருந்து மறுமொழி வந்தது.

இன்னும் சிறிதாக

கியூப்சாட் வணிகமாக வளர்ந்தது. நிறுவனங்கள் வந்தன, விலை ஏறியது. மாணவருக்கென்று செய்த பெட்டிக்கு ஏவுவதற்கான கட்டணமே பல கல்லூரிகளின் கைக்கு எட்டாததாயிற்று. வேறொருவராக இருந்தால் தம் படைப்பின் புகழில் நிறைவு கண்டிருப்பார். ட்விக்ஸ் பழைய கேள்விக்கே திரும்பினார்.

2009ஆம் ஆண்டு அவர் கென்டக்கி மாநிலத்தில் மலையடிவாரத்துச் சிற்றூரான மோர்ஹெட்டின் மாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ஐந்து சென்டிமீட்டர் கனசதுரமான 'பாக்கெட்கியூப்' என்னும் புதிய அளவை முன்வைத்தார். பக்கம் பாதியாகும்போது கன அளவு எட்டில் ஒரு பங்காகிறது. அவ்வகையைச் சேர்ந்த நான்கு கலங்கள் 2013ஆம் ஆண்டு நவம்பரில் விண்ணுக்குச் சென்றன. அவற்றுள் ஒன்றின் பெயரே 'ஐம்பது டாலர் சாட்'. மலிவான உறுப்புகளால் செயற்கைக்கோள் செய்ய இயலும் எனக் காட்டுவதற்காக ட்விக்ஸும் வானொலி ஆர்வலர்கள் சிலரும் இணைந்து செய்தது அது. அது ஓராண்டுக்கும் மேலாக விண்ணில் இயங்கியது.

சிறியவை பெருகும்போது புதிய கவலைகளும் எழுகின்றன. இயக்கம் நின்ற கலங்கள் சுற்றுப்பாதையில் குப்பையாகத் தங்கினால் பிற கலங்களுக்கு இடர் நேரும். ஆகவே, வளிமண்டலத்தின் உராய்வால் சில ஆண்டுகளில் தானே எரிந்து மறையத்தக்க தாழ்ந்த பாதையைத் தேர்வது இன்றைய மாணவர் கற்க வேண்டிய பாடங்களுள் ஒன்றாகியுள்ளது. தொடங்குவதைப் போலவே முறையாக முடிப்பதும் பொறியாளரின் கடமையன்றோ!

இன்றுவரை உலகில் ஏவப்பட்ட கியூப்சாட்டுகள் இரண்டாயிரத்தைக் கடந்துவிட்டன. அவற்றைச் செய்தவர்களுள் பலர் தங்கள் முதல் பாடத்தைப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு சிறிய மேசையின்மேல் கற்றவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பாப் ட்விக்ஸைக் கண்டதில்லை. எனினும், ஒரு மாணவர் தாம் பூட்டிய திருகாணி விண்ணேறிய அந்த இரவில், தரைநிலையத்தில் காதுகளைக் கூர்தீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். சமிக்ஞை வரலாம், வராமலும் போகலாம். எதுவாயினும் அதனைக் கேட்க அவரே அங்கு இருக்கிறார். ஓர் ஆசிரியர் தம் பணிவாழ்வு முழுவதும் விரும்பியது இதனைத்தான்.